நெல் மில்லுக்கு எம்.இ.எஸ். மென்பொருள் வாங்கலாமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். நீடாமங்கலம் பக்கத்தில் புழுங்கல் அரிசி மில். மணிக்கு 2 டன் நெல் அரைக்கும் திறன். கொஞ்சம் சொந்த வியாபாரம், மீதி அரசின் நுகர்பொருள் வாணிபக் கழகத்துக்கு அரவை. கணக்கு டேலியில், மற்றதெல்லாம் அப்பாவின் நோட்டில். ஒரு மென்பொருள் கம்பெனிக்காரர் வந்து, எம்.இ.எஸ். (ஆலைக்குள் அன்றாட உற்பத்தியைப் பின்தொடரும் மென்பொருள்) போட்டால் உற்பத்தி 20 சதவீதம் கூடும் என்று லேப்டாப்பில் வண்ண வண்ணமாகப் படம் காட்டியிருக்கிறார். அப்பா வேண்டாம் என்கிறார், நீங்கள் வாங்கிவிடலாமா என்று யோசிக்கிறீர்கள்.

வாங்கலாம். ஆனால் அவர் காட்டிய வேலைக்காக வேண்டாம். இந்த சம்பா சீசனிலும் வேண்டாம். ஏன் என்று விளக்கினால் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் இந்தத் தொழிலுக்கு வந்து 24 வருடம் ஆகிறது. முதல் பாதி துவாக்குடியில் பாய்லர் பாகம் செய்யும் பட்டறைகளில் போனது, அப்புறம் டெல்டா மில்களில். இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி மென்பொருளைப் போட்டுப் பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டவன்.

முதலில் பெயர்க் குழப்பம். தொழிற்சாலைக் கணினி வேலைகளை அடுக்கடுக்காகப் பிரித்துச் சொல்ல ஐ.எஸ்.ஏ.-95 என்று ஒரு தரநிலை இருக்கிறது, 2000-இல் வந்தது. கீழ் அடுக்கில் மோட்டார், வால்வு, வெப்பமானி. அதற்கு மேல் அவற்றை இயக்கும் பி.எல்.சி. என்ற கட்டுப்பாட்டுக் கணினியும், அதைத் திரையில் பார்த்து நடத்தும் ஸ்காடாவும். உச்சியில் பணம், பில், கொள்முதல் பார்க்கும் ஈ.ஆர்.பி. இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது அடுக்கு என்று ஒன்று இருக்கிறது. இன்று எந்த லாட் (சேர்த்து ஓட்டும் ஒரு தொகுதி சரக்கு), எந்த மிஷினில், யார் ஓட்டினார், எவ்வளவு வந்தது, ஏன் நின்றது என்பதெல்லாம் அங்கே. எம்.இ.எஸ். என்பது அந்த நடு அடுக்கு. உங்கள் மில்லில் கீழ் அடுக்கு பேனல் போர்டும், நிறம் பார்த்து அரிசி பிரிக்கும் சார்டெக்ஸ் மிஷினும். மேல் அடுக்கு டேலி. நடு அடுக்கும் உங்களிடம் இல்லாமல் இல்லை: பாதி அப்பாவின் நோட்டில் இருக்கிறது, பாதி மேஸ்திரி தலைக்குள் இருக்கிறது. மேஸ்திரி ஒரு வாரம் கல்யாணத்துக்குப் போனால் மில் தடுமாறுகிறதா? தடுமாறினால் அந்த அடுக்கு எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

அவர் உங்களுக்குக் காட்டிய வட்டப் படம் பெரும்பாலும் ஓ.இ.இ.யாகத்தான் இருக்கும். ஜப்பானில் செய்யிச்சி நகாஜிமா என்பவர் மிஷின் பராமரிப்புக்காக வகுத்த கணக்கு அது. ஓட வேண்டிய நேரத்தில் எவ்வளவு ஓடியது, ஓடும்போது எவ்வளவு வேகத்தில் ஓடியது, வந்த சரக்கில் எவ்வளவு நல்லது, இந்த மூன்றையும் பெருக்க வேண்டும். உங்கள் மில் 16 மணி நேரம் ஓட வேண்டும், 12 மணி நேரம்தான் ஓடியது என்றால் 75 சதவீதம். மணிக்கு 2 டன்னுக்குப் பதில் 1.7 டன் என்றால் 85 சதவீதம். பெருக்கினால் 64-க்குச் சற்றுக் குறைவு. நல்ல ஆலைக்கு 85 என்று ஒரு இலக்கு சொல்வார்கள். உடனே விற்பனையாளர் ‘பாருங்க சார், 21 பாயிண்ட் வீணாகுது’ என்பார். அந்த 20 சதவீதக் கதை அங்கிருந்துதான் வருகிறது.

இந்தக் கணக்கில் தப்பில்லை. துவாக்குடியில் ஒரு டிரில்லிங் மிஷினுக்கு அது அழகாகப் பொருந்தும்: துளை சரியாக விழுந்ததா இல்லையா, அவ்வளவுதான். நெல்லுக்கு அந்த மூன்றாவது எண்ணைப் போட்டுப் பாருங்கள். நல்லது எது, கெட்டது எது? முழு அரிசி நல்லது. குருணை கெட்டதா? இட்லி மாவுக்குப் போகிறது, விலை இருக்கிறது. தவிடு எண்ணெய் ஆலைக்குப் போகிறது. உமி உங்கள் பாய்லரிலேயே எரிகிறது. எதுவும் குப்பை இல்லை, ஆனால் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு விலை.

மென்பொருள் வாங்கப் போகும் மில்காரர்களுக்கு யாரும் சொல்லாத விஷயம் இதற்குள்தான் இருக்கிறது. சந்தையில் கிடைக்கும் உற்பத்தி மென்பொருள்களில் பெரும்பாலானவை பம்ப், கார் பாகம், மோட்டார் செய்யும் ஆலைகளை மனதில் வைத்து எழுதியவை. அங்கே பத்துப் பொருள் சேர்ந்து ஒரு பொருள் ஆகும். இங்கே தலைகீழ். ஒரு மூட்டை நெல் உள்ளே போய் அரிசி, குருணை, தவிடு, உமி, கருக்காய், கல், தூசி என்று ஏழாகப் பிரிந்து வெளியே வருகிறது. போதாக்குறைக்கு ஆவியாகிப் போகும் தண்ணீர் வேறு, அது எட்டாவது. இதைத் தாங்காத மென்பொருளில் உங்கள் கணக்காளர் தினமும் பொய்யாக ஒரு ‘அட்ஜஸ்ட்மென்ட்’ போட்டுக்கொண்டே இருப்பார். மூன்றாவது மாதம் அதை யாரும் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அதனால் ஒரு மனிதரின் மனதை நோகடித்திருக்கிறேன். மன்னார்குடிப் பக்கம் ஒரு மில், பெயர் வேண்டாம். என் சிஸ்டம் ஓடிய முதல் நாள். எடை மேடையில் உள்ளே போன நெல் 20 டன். சாயங்காலம் அரிசி, குருணை, தவிடு, உமி எல்லாம் கூட்டினால் 19.3 டன். திரையில் சிவப்பு எழுத்தில் ‘700 கிலோ வித்தியாசம்’ என்று நிற்கிறது. முதலாளி என்னைப் பார்க்கவில்லை, கணக்குப்பிள்ளையைப் பார்த்தார். அவருக்கு அறுபது வயதுக்கு மேல். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, ‘தம்பி, முப்பது வருஷமா இந்த மில் சாவி என் இடுப்புலதான் இருக்கு. ஒரு படி நெல்லு வெளில போனதில்ல’ என்றார்.

அவர் சொன்னதுதான் சரி. நெல் வந்தபோது ஈரப்பதம் 17 சதவீதம். அரைக்கும்போது 14. ஆயிரம் கிலோ நெல்லில் 17 சதவீதம் தண்ணீர் என்றால் காய்ந்த பொருள் 830 கிலோ. அதே 830 கிலோ, 14 சதவீத ஈரத்தோடு இருக்கும்போது மொத்த எடை 965 கிலோ. டன்னுக்கு 35 கிலோ, 20 டன்னுக்கு 700 கிலோ, நெல் உலர்த்தும் டிரையரின் மேல் வாய் வழியாக ஆவியாகப் போயிருக்கிறது. அந்தக் கணக்கைப் போடத் தெரியாத மென்பொருளை நான்தான் கொண்டுபோய் வைத்தேன். அன்றிலிருந்து எந்த விற்பனையாளர் வந்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி: ஈரப்பதம் மாறினால் உங்கள் சிஸ்டத்தில் எடை எப்படி மாறும்? பதில் சொல்லத் தடுமாறினால் காபி கொடுத்து அனுப்பிவிடலாம்.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் பணம் தெரியும். நெல்லை 14-இல் நிறுத்த வேண்டியவர் அசந்துபோய் 13-க்கு இறக்கிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 டன்னில் கூடுதலாக 230 கிலோ போகும். அரிசிக் கணக்கில் 150 கிலோவுக்கு மேல். கிலோ 40 ரூபாய் என்றால் ஒரு நாளைக்கு 6000 ரூபாய் எடையாகவே போய்விட்டது. அதோடு நிற்காது. அதிகமாகக் காய்ந்த நெல், தவிடு நீக்கும் பாலிஷரில் உடையும், குருணை கூடும். அந்தக் கடைசி ஒரு சதவீதத்தை உலர்த்த எரித்த உமி வேறு. கழக அரவையில் இது இன்னும் நேராகவே இடிக்கும். புழுங்கலுக்கு 100 கிலோ நெல்லுக்கு 68 கிலோ அரிசி கொடுத்தாக வேண்டும், பச்சரிசிக்கு 67. புழுங்கலில் குருணை 16 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. காய்ச்சல் மிஞ்சினால் இரண்டு பக்கமும் அடி விழும்.

இனி டிரையருக்கு வருகிறேன். பாதிப் பதில் அங்கேதான். விற்பனையாளர் உங்கள் ஷெல்லரிலும் (உமி நீக்கும் மிஷின்) பாலிஷரிலும் மீட்டர் வைக்கிறேன் என்றிருப்பார், ஏனென்றால் அவை சுற்றுகிற மிஷின்கள், வைப்பது சுலபம். ஆனால் புழுங்கல் மில்லில் வேகத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அவை இல்லை. ஆற்றில் எவ்வளவு தண்ணீர் வந்தாலும் மதகு திறந்த அளவுதான் வயலுக்கு. உங்கள் மதகு டிரையர். ஊறி அவிந்து வரும் நெல்லில் ஈரம் 35 சதவீதம் வாக்கில் இருக்கும். ஒரே மூச்சில் 14-க்கு இறக்கினால் அரிசிக்குள் வெடிப்பு விழும். அதனால் 17, 18 வரை இறக்கி, சில மணி நேரம் ஆறப்போட்டு, மறுபடி ஏற்ற வேண்டும். இந்தச் சுற்று முடியாமல் ஷெல்லருக்கு நெல் வராது. ஷெல்லர் சும்மா நிற்கும் நேரத்தை நிமிஷ சுத்தமாக அளந்து காட்டுவதால் டிரையர் ஒரு நிமிஷம்கூட முந்திக் காயப் போவதில்லை.

(உங்கள் டிரையரை எல்.எஸ்.யு. என்றுதானே சொல்கிறீர்கள்? அது அமெரிக்காவில் லூசியானா ஸ்டேட் யுனிவர்சிட்டியின் சுருக்கம். அங்கே உருவான வடிவம், நம் ஊர் வெல்டிங் பட்டறையில் இன்றும் அதே பெயரில்தான் அடிக்கிறார்கள்.)

டிரையரில் கண்கொத்திப் பாம்பாக நிற்க வேண்டியது ஈரப்பத உணரி. அதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. ஒருமுறை ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு மில்லில் திரை முன்னால் உட்கார்ந்திருந்தேன். 15.2 என்று காட்டியது. அரை மணி கழித்தும் 15.2. இன்னும் அரை மணி கழித்தும் 15.2. எனக்கு ஒரே சந்தோஷம், சிஸ்டம் எவ்வளவு நிலையாக இருக்கிறது என்று. டிரையர் ஓட்டும் அண்ணன் கீழ் வாயில் கைவிட்டு நாலு நெல்லை எடுத்து, உள்ளங்கையில் தேய்த்து உமியை ஊதி, பல்லில் வைத்துக் கடித்தார். ‘டக்’கென்று சத்தம். ‘காஞ்சு போச்சு தம்பி, இறக்கணும். பொட்டிக்குத் தெரியல, பல்லுக்குத் தெரியுது.’ போய்ப் பார்த்தால் உணரி மேல் ஒரு விரல் கனத்துக்கு ஈரத் தூசி அப்பிக் காய்ந்திருக்கிறது. மில் தூசிக்குள் எந்த உணரியைப் பொருத்தினாலும் ஒவ்வொரு ஷிப்டிலும் ஒரு துணி, ஒரு கையெழுத்து வேண்டும். வாரம் ஒருமுறை சாம்பிளை ஆய்வகத்து அடுப்பில் உலர்த்தி ஒப்பிட வேண்டும். தஞ்சாவூரில் நிஃப்டெம் என்ற மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது, ஆலோசனை கேட்கலாம். அந்த நிறுவனமே 1967-இல் திருவாரூர் நவீன அரிசி ஆலையில், மழையில் நனைந்த நெல்லை என்ன செய்வது என்ற நம் ஊர்ப் பிரச்சினைக்காகத் தொடங்கிய சின்ன ஆய்வு மையத்திலிருந்து வளர்ந்ததுதான். புழுங்கலும் உலர்த்தலும் அவர்களுக்குத் தாய் வீட்டு வேலை.

அப்படியானால் மென்பொருள் எதைப் பின்தொடர வேண்டும்? லாட்டை. மிஷினை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் மில்லில் லாட் என்பதற்கு இயற்கையாகவே ஒரு அளவு இருக்கிறது: ஒரு ஊறல் தொட்டி. தொட்டி நிரம்பும்போது ஒரு எண் கொடுங்கள். எந்த லாரி, எந்த ரகம், வந்தபோது ஈரம் எவ்வளவு, எத்தனை மணிக்குத் தண்ணீர் விட்டது, எவ்வளவு சூட்டில், எத்தனை மணிக்கு அவித்தது, எந்த டிரையர், எப்போது இறங்கியது, இறங்கும்போது ஈரம் எவ்வளவு, அரைத்தபோது அரிசி எவ்வளவு, குருணை எவ்வளவு, தவிடு எவ்வளவு. ஒரு சீசன் இதை விடாமல் பிடித்தால் உங்களுக்கு இப்போது தெரியாத ஒன்று தெரியும்: ஏ.டி.டி. 45 ரக நெல் எத்தனை மணி நேரம் ஊறினால் குருணை குறைகிறது, சி.ஆர். 1009-க்கு எவ்வளவு, மழையில் நனைந்து வந்த நெல்லுக்கு எவ்வளவு. இப்போது எல்லாவற்றுக்கும் ஒரே நேரம்தான் வைக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 20 டன்னில் 1 சதவீதம் அரிசி கூடினால் 200 கிலோ. அந்த 200 கிலோ இதுவரை தவிடாகவும் குருணையாகவும் போய்க்கொண்டிருந்தது, அதற்கும் விலை வந்துகொண்டுதான் இருந்தது. வித்தியாசம் கிலோவுக்கு 15 ரூபாய் என்று வைத்தால் நாளுக்கு 3000, மாதம் 25 நாள் ஓடினால் 75,000. விற்பனையாளரின் 20 சதவீதத்தைவிடச் சின்ன எண்தான், ஆனால் இது கைக்கு வரும்.

லாட் எண் இருந்தால் இன்னொரு லாபம், செறிவூட்டிய அரிசி. ரேஷனுக்குப் போகும் அரிசியில் 100-க்கு 1 என்ற கணக்கில் சத்துச் சேர்த்த அரிசி மணிகளைக் கலந்து வந்தீர்கள் அல்லவா? எந்த மூட்டையில் எந்தக் கலவை என்று யாராவது கேட்டால் நோட்டைப் புரட்டி ஒரு நாள் போகும். லாட் எண்ணோடு சேர்த்து வைத்தால் ஒரு நிமிஷம்.

மிஷின் நிற்கும் நேரமும் தேவைதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். எலிவேட்டர் பெல்ட் அறுந்தது, ரப்பர் ரோல் தேய்ந்தது, பாய்லரில் ஸ்டீம் இறங்கியது, லாரி வரவில்லை, லோடுமேன் இல்லை. இதில் ஒரு பழைய அனுபவம். துவாக்குடியில் ஒரு பட்டறையில் மிஷின் நின்றால் ஆபரேட்டர் தொடுதிரையில் காரணத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பட்டியலில் 22 காரணம் வைத்தேன், எவ்வளவு நுணுக்கமாகச் செய்திருக்கிறோம் என்று எனக்குப் பெருமை வேறு. மாத முடிவில் அறிக்கை வந்தது: நின்ற நேரத்தில் பாதிக்கு மேல் மின்தடை. முதலாளி மின்வாரியத்துக்குப் புகார் எழுதப் போனார். நல்லவேளை, அதற்கு முன் ஜெனரேட்டர் ஓடிய மணியைப் பார்க்கச் சொன்னேன். மாதம் முழுக்க ஓடியதே சில மணி நேரம்தான். பிறகுதான் புரிந்தது, மின்தடை பட்டியலில் முதலில் இருந்தது. கையில் கிரீஸ், பக்கத்தில் ஃபோர்மேன் கத்துகிறார், யார் இருபத்திரண்டையும் படிப்பார்கள்? முதல் பொத்தானை அழுத்திவிட்டு வேலையைப் பார்த்திருக்கிறார்கள்.

அடுத்த மாதம் காரணங்களை ஆறாகக் குறைத்து, எழுத்தோடு படமும் போட்டு, வரிசையைத் தினமும் மாற்றினேன். அதோடு இன்னொரு மாற்றம், என்னைக் கேட்டால் அதுதான் பெரியது: காரணம் சொன்னதற்காக யாரையும் திட்டக் கூடாது என்று முதலாளியிடம் சத்தியம் வாங்கினேன். ‘ஆள் சாப்பிடப் போனார்’ என்று அழுத்தினவரை மறுநாள் கூப்பிட்டுக் கேட்டால், அதற்கு அடுத்த நாளிலிருந்து எல்லாருக்கும் மின்தடைதான். உங்கள் மில்லில் ஆறுகூட வேண்டாம், நாலு போதும்: நெல் இல்லை, ஸ்டீம் இல்லை, மிஷின் பழுது, ஆள் இல்லை. தமிழில் இருக்கட்டும். டவுன்டைம் கோட் எஃப்-7 என்று வந்தால் உங்கள் மேஸ்திரி திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

கருவி விஷயத்தில் பெரிய செலவு தேவையில்லை. மிஷின் ஓடுகிறதா என்று தெரிய மோட்டார் வயரில் மாட்டும் கரண்ட் கிளாம்ப் போதும், எதையும் வெட்ட வேண்டாம். மின் மீட்டர்கள் பெரும்பாலும் மோட்பஸ் என்ற மொழியில் கணினியோடு பேசும். அது 1979-இல் வந்த பழைய நெறிமுறை, இன்னும் சாகவில்லை, நாம் இருக்கும்வரை சாகாது என்று நினைக்கிறேன். எலிவேட்டர் வாயில் நெல்லை எடைபோடும் தானியங்கித் தராசு ஒன்று, அரிசி பேக்கிங் பக்கம் ஒன்று, தவிட்டுக்கு ஒன்று. பணம் போட வேண்டியது அதில்தான். எடை தப்பாக இருந்தால் மேலே எவ்வளவு பெரிய மென்பொருள் வைத்தாலும் தப்பான எண் அழகாகத் தெரியும், அவ்வளவுதான். இணையம் உங்கள் பக்கம் மழைக்காலத்தில் எப்படி என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும். தகவல் முதலில் மில்லுக்குள்ளேயே ஒரு சின்னக் கணினியில் சேர வேண்டும், இணையம் வரும்போது மேலே போகட்டும். எம்.க்யூ.டி.டி. என்ற தகவல் அனுப்பும் முறை இதற்கு ஏற்றது. எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் இணைப்பு வழியாகக் கண்காணிக்க 1999-இல் எழுதியது, மெல்லிய இணைப்பிலும் தாக்குப்பிடிக்கும். எல்லாமே கிளவுடில்தான், நெட் இல்லாவிட்டால் திரை திறக்காது என்கிற சிஸ்டம் ஐப்பசியில் உங்களைக் கைவிடும்.

எந்த மென்பொருள் என்றால், உங்கள் அளவுக்கு எஸ்.ஏ.பி. போன்ற பெரிய பெயர்கள் அவசியமே இல்லை. இ.ஆர்.பி.நெக்ஸ்ட், ஓடூ இரண்டும் திறந்த மூலத்தில் கிடைக்கின்றன. முன்னது மும்பைக்காரர்கள் எழுதியது, ஜி.எஸ்.டி.க்குத் தனியாக மெனக்கெட வேண்டியதில்லை. இரண்டிலும் லாட் எண் உண்டு, ஒரு பொருளிலிருந்து பல பொருள் பிரிவதையும் சமாளிக்கலாம். ஆனால் ஈரப்பதக் கணக்கை யாராவது எழுதித்தான் சேர்க்க வேண்டும். ரைஸ் மில்லுக்கென்றே எழுதிய மென்பொருள்களும் கிடைக்கின்றன. அவற்றில் பல நெல் கொள்முதல், சாக்கு, தரகு, பில் என்று மேல் அடுக்கை நன்றாகப் பார்க்கும், ஊறல் தொட்டிக்கும் டிரையருக்கும் வந்ததும் கைவிரித்துவிடும். வாங்குமுன் உங்கள் மில்லில் நேற்று ஓடிய ஒரே ஒரு லாட்டின் உண்மைக் கணக்கைக் கையில் கொடுத்து, ‘இதை உங்கள் சிஸ்டத்தில் போட்டுக் காட்டுங்கள்’ என்று கேளுங்கள். அவர்கள் கொண்டுவரும் மாதிரித் தகவலில் எல்லாமே அழகாகத்தான் ஓடும்.

ஒப்பந்தத்தில் இரண்டு வரி பாருங்கள். ஒன்று, தகவல் உங்களுடையது, கேட்ட அன்றே எக்செல்லாக எடுத்துக்கொள்ள முடியும் என்று இருக்க வேண்டும். இரண்டு, வருட சந்தாவைக் கட்டாவிட்டால் என்ன நடக்கும். பழைய கணக்கைப் பார்க்கக்கூட விடமாட்டார்கள் என்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.

எப்போது தொடங்குவது? தை, மாசியில் வேண்டவே வேண்டாம். சம்பா அறுவடை வந்து, லாரி ரோடு வரைக்கும் வரிசை கட்டி நிற்கும்போது புது முறையை மேஸ்திரி கையில் திணித்தால், முதல் நாளே நோட்டுக்குத் திரும்பிவிடுவார், திரும்பினால் அப்புறம் கொண்டுவரவே முடியாது. சித்திரை, வைகாசியில் மில் மெதுவாக ஓடும்போது தராசுகளைப் பொருத்திச் சரிபாருங்கள். ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்தால் குறுவை நெல் வர செப்டம்பர் ஆகும். அதுவரை ஒரே ஒரு தொட்டி, ஒரே ஒரு டிரையருக்கு மட்டும் லாட் எண் போட்டுப் பழகுங்கள். குறுவையில் எல்லாத் தொட்டிக்கும். சம்பா வரும்போது கை பழகியிருக்கும். டிரையர் ஓட்டும் அண்ணனையும் கணக்குப்பிள்ளையையும் முதல் நாளே கூப்பிட்டு உட்கார வையுங்கள். பொத்தான் எங்கே இருக்க வேண்டும், என்ன பெயர் வைக்க வேண்டும் என்பதை அவர்கள் சொல்லட்டும். விற்பனையாளர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

மென்பொருளுக்குப் பணம் கொடுக்குமுன் இன்றைக்கே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. ஒரு நீள நோட்டு, ஒரு பேனா, இரண்டையும் கயிற்றில் கட்டி டிரையர் ஏணிப் பக்கம் தொங்கவிடுங்கள். ஏற்றிய மணி, இறக்கிய மணி, இறக்கும்போது ஈரம், நின்றால் நாலில் எந்தக் காரணம். இரண்டு மாதம். அந்த நோட்டு நிரம்பாவிட்டால் தொடுதிரையும் நிரம்பாது, பணம் மிச்சம்.

அப்பா விஷயம். அவர் வேண்டாம் என்பதை வேறு மாதிரி எடுத்துக்கொள்ளாதீர்கள். அவருடைய பழைய நோட்டுகளை எடைக்குப் போட்டுவிடவும் கூடாது. ரகவாரியாக எத்தனை மூட்டை நெல் போட்டு எத்தனை மூட்டை அரிசி வந்தது என்று வருடக் கணக்கில் அவர் எழுதி வைத்திருப்பார். புது சிஸ்டம் வந்தபிறகு எதாவது முன்னேறியதா என்று பார்க்க உங்களிடம் வேறு அளவுகோலே கிடையாது. கடைசி மூன்று சீசனை உட்கார்ந்து கணினியில் ஏற்றுங்கள், பக்கத்தில் அவரையும் வைத்துக்கொள்ளுங்கள். ஈரம் எழுதியிருக்க மாட்டார், ஆனால் தேதியைச் சொன்னால் அந்த வருடம் மழை எப்படி என்று அவருக்கு ஞாபகம் இருக்கும். தவிட்டுக் கணக்கு மட்டும் அந்த நோட்டில் இருக்காது. நான் பார்த்த எல்லா மில்லிலும் அது வேறொரு சின்ன நோட்டில்தான் இருந்தது. எங்கே வைத்திருக்கிறார் என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.